அப்பா வரலையா, தம்பி?

தமிழில் ரொம்ப அன்பான வார்த்தை எது என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அன்பாகவும் இருக்கணும், கொஞ்சம் ஆபத்தாகவும் இருக்கணும் என்றால், நான் ‘தம்பி’ என்று சொல்வேன்.

பஸ்ஸில், ‘தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மேல வைப்பா’ என்றால் அது உறவு. கல்யாணப் பந்தியில், ‘தம்பிக்கு ரசம் விடட்டா?’ என்றால் அது உபசாரம். ஆனால், இருபத்து மூன்று வயசு இளைஞர் ஒருவர், தனக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்பதற்காக ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவுக்கு முன்னால் போய் நிற்கிறார். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘வா தம்பி... அப்பா வரலையா?’ என்கிறார். இது உறவும் இல்லை, உபசாரமும் இல்லை. ‘உன்கிட்ட பேச ஒண்ணுமில்லை, கிளம்பு’ என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்.

இந்தக் கேள்வியைப் பற்றி என்னிடம் சொன்ன இளைஞருக்கு அப்பா இல்லை. இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அது கேட்டவருக்கும் தெரியும்!

அந்த இளைஞருக்கு ஊர் படவேடு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், சந்தவாசலில் பிரிந்து கொஞ்ச தூரம் போனால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆடி மாசம் ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் நெரியும். ‘படைவீடு’தான் ‘படவேடு’ ஆனது. பதினாலாம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகரம். அன்றைக்குப் படை தங்கிய ஊர்ப் பக்கம், இன்றைக்குத் தறிச் சத்தம். ‘ஆரணிப் பட்டு’ என்று நாம் கேட்டு வாங்கும் சேலை, ஆரணி டவுனில் மட்டும் நெய்யப்படுவதில்லை. சுற்றிலும் இருக்கிற ஊர்களில், வீட்டுக் கூடத்தில் குழி வெட்டிப் போட்ட தறிகளிலும்தான் நெய்யப்படுகிறது.

அந்த இளைஞரின் அப்பா சின்ன அளவில் தறி முதலாளி. முதலாளி என்றதும் ஏ.சி. கார் எல்லாம் கற்பனை பண்ணவேண்டாம். பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி, பாவும் ஊடையுமாகப் பதினோரு நெசவாளர் வீடுகளுக்குக் கொடுப்பார். அவர்கள் நெய்து தந்தால் கூலி. சேலைகளை எடுத்துக்கொண்டு போய் ஆரணியிலும் சென்னையிலும் கடைகளில் போடுவார். நூல் வாங்குவது கடனுக்கு. சேலை போடுவதும் கடனுக்கு. நடுவில் நெசவாளர் கூலி மட்டும் ரொக்கம். என்னை மாதிரி பி.காம். படித்தவனுக்கு இதைக் கேட்டால் ‘வொர்க்கிங் கேபிடல்’ பாடம் ஞாபகம் வரும். தறி நடத்துகிறவருக்கு சனிக்கிழமை ஞாபகம் வரும். அன்றைக்குத்தான் கூலி.

அப்பா திடீரென்று போனதும், அப்போதுதான் காலேஜை முடித்திருந்த மகன் தலையில் எல்லாம் விழுந்தது. நூல்கடையில், ‘பெரியவங்க யாராச்சும் வரட்டும் தம்பி, பேசிக்கலாம்’ என்றார்கள். சேலைக் கடையில், ‘பழைய கணக்கா? அது நானும் உங்கப்பாவும் பேசிக்கிட்டதாச்சே!’ என்றார்கள்.

‘ரெண்டு பக்கமும் நான் சின்னப் பையன் சார். கடன் கேட்டா சின்னப் பையன். குடுத்த கடனைத் திருப்பிக் கேட்டாலும் சின்னப் பையன். சனிக்கிழமை கூலிக்கு மட்டும் நான்தான் முதலாளி!’ என்று சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை அது.

பிறகு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார். ‘பார்த்தா பெரிய ஆள் மாதிரி தெரியணும் சார். என்ன டிரெஸ் போடலாம்? நீங்க பத்திரிகைக்காரர், நாலு பேரைப் பார்த்திருப்பீங்க.’

அழகாகத் தெரிவதற்கு வழி கேட்கிற இளைஞர்கள் எனக்கு நிறையப் பழக்கம். வயசாகத் தெரிவதற்கு வழி கேட்டவர் இவர்தான். பதினோரு வீட்டு அடுப்பு பின்னால் இருந்ததால், ‘டிரெஸ்ல என்னப்பா இருக்கு?’ என்று தத்துவம் பேச எனக்கு மனசு வரவில்லை.

*

இந்தக் கவலை படவேட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், வியன்னா நகரமே இந்தக் கவலையில் இருந்திருக்கிறது. ஸ்டெஃபான் ஸ்வெய்க் என்ற எழுத்தாளர், 1942-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார். அவருடைய இளமைக் காலத்தில் அங்கே சின்ன வயசு என்பதே ஒரு டிஸ்குவாலிஃபிகேஷன். அதனால், தாடி சீக்கிரம் வளர்வதற்கு மருந்து என்று பேப்பரில் விளம்பரம் வருமாம். டாக்டர் பட்டம் வாங்கின கையோடு இளைஞர்கள் பெரிய தாடி வளர்த்து, கண் நன்றாகத் தெரிந்தாலும் தங்க ஃப்ரேம் கண்ணாடி மாட்டிக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் நோயாளி நம்பமாட்டார்! நீளக் கோட்டு, நிதானமான நடை, முடிந்தால் லேசாக ஒரு தொப்பை. 1897-ல் குஸ்டாவ் மாலர் என்ற இசைமேதையை வியன்னா அரசவை ஓபராவுக்கு இயக்குநராகப் போட்டபோது ஊரே அதிர்ந்துபோனதாம், ‘இத்தனை சின்னப் பையனிடம் இத்தனை பெரிய பொறுப்பா?’ என்று. அந்தச் ‘சின்னப் பைய’னுக்கு அப்போது 37 வயசு.

இப்போது நிலைமை தலைகீழ். என் வயசுக்காரர்கள் தலைக்கு டை அடித்து, பையனுடைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, ‘அண்ணன் தம்பி மாதிரி இருக்கீங்க’ என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அலைகிறார்கள். உலகமே இளமையைத் தேடிப்போகிற காலத்தில், கடைத்தெரு மட்டும் ஏன் இன்னும் வயசைக் கேட்கிறது?

காரணம் இருக்கிறது. அது வெறும் திமிர் இல்லை.

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பு மறந்திருக்காது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, மைனர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. அதற்கு எல்லோரும் உருப்போட்ட வழக்கு, மோஹரி பீபி வழக்கு. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், சொத்தை அடமானம் வைத்துப் பணம் வாங்கினார். பிறகு, ‘கையெழுத்துப் போட்டபோது நான் மைனர்’ என்று வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1903-ல் அந்த அடமானம் செல்லவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கொடுத்தவர் பணம் போனது போனதுதான்.

சட்டத்துக்கு 18 வயசு முடிந்தால் போதும், மேஜர். கடைத்தெரு வேறு ஒரு வயசு வைத்திருக்கிறது. அதற்குப் பிறந்த தேதி சர்ட்டிஃபிகேட் கிடையாது. மீசை, கல்யாணம், குழந்தை, சொந்த வீடு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து அது முடிவுக்கு வரும். பாங்க்கில் கடன் கொடுத்தால் பத்திரம் இருக்கிறது, ஜாமீன் இருக்கிறது. துண்டுச் சீட்டை நம்பி லட்ச ரூபாய் நூலைத் தூக்கிக் கொடுக்கிறவருக்கு, எதிரில் நிற்கிற ஆள்தான் பத்திரம். ‘இந்த ஆள் நாளைக்கும் இதே ஊரில் இருப்பாரா?’ என்று அவர் பார்க்கிறார். ‘கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?’ என்று அவர் விசாரிப்பது பொண்ணு பார்ப்பதற்கு இல்லை!

இன்னொரு வேடிக்கை. சட்டத்தில் மைனர் என்றால் பதினெட்டுக்கு உட்பட்டவர். நம் ஊர்ப் பேச்சில் ‘மைனர்’ என்றால் சில்க் ஜிப்பா, செயின், செண்டு வாசனையோடு அப்பா சொத்தை அழிக்கிறவர். டிரெஸ்ஸை வைத்தே ‘இவரை நம்பி ஒண்ணும் கொடுக்காதே’ என்று சொல்வதற்கு, ஒரு சட்ட வார்த்தையை இழுத்து வைத்துக்கொண்ட ஜனங்கள் நாம்.

ஆக, படவேட்டு இளைஞருக்கு வேண்டியது வயசான தோற்றம் இல்லை. ‘இவர் பொறுப்பான ஆள்’ என்கிற தோற்றம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பல இளைஞர்கள் டிரெஸ் விஷயத்தில் தடுமாறுகிறார்கள்.

*

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. தாடி வளர்த்துப் பார்த்தார். கன்னத்தில் ஒரு கொத்து, தாடையில் ஒரு கொத்து, நடுவில் பொட்டல் காடு. பிறகு, அப்பாவின் வெள்ளைச் சட்டைகளை எடுத்துப் போட ஆரம்பித்தார். நான் பார்த்த அன்றைக்கும் அதில் ஒன்றுதான். அப்பா நல்ல ஆகிருதி போலிருக்கிறது. தோளில் இருக்கவேண்டிய தையல் முழங்கையை நோக்கிப் பாதி வழி வந்திருந்தது. காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

அப்பா சட்டை போட்டால் அப்பா மாதிரி தெரியும் என்று நினைக்கிறோம். நிஜத்தில், அப்பா சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரிதான் தெரியும். நாம் எல்லோரும் ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்த கதை ஞாபகம் இருக்கிறதா? ‘வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசாவே வைங்க’ என்று அம்மா டெய்லரிடம் சொல்வார். ஜூன் மாசம் முழங்காலுக்குக் கீழே தொங்கிய டிராயர், அடுத்த வருஷம்தான் அளவுக்கு வரும். அதனால் நம் ஊர்க் கண்ணுக்கு, தொளதொளச் சட்டை என்றாலே ‘வளர்ற பிள்ளை’தான். வயசைக் கூட்டுவதற்குப் போட்ட சட்டை, பத்து வயசைக் குறைத்துவிடும்.

எனவே, முதல் விஷயம் அளவு. சட்டையின் தோள் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடியணும். ஃபுல் ஹேண்ட் என்றால் கஃப் மணிக்கட்டில் நிற்கணும். காலர் பட்டனைப் போட்டால் ஒரு விரல் நுழையணும். இரண்டு கை நுழையக்கூடாது. பேன்ட் செருப்பின் மேல் சுருண்டு கிடக்கக்கூடாது. கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கவும் கூடாது. ரொம்ப இறுக்கமாகப் போட்டால் காலேஜ், ரொம்பத் தொளதொள என்றால் ஸ்கூல். நடுவில் இருக்கிறதுதான் ஆபீஸ். இதற்குப் புதுச் சட்டை வாங்கணும் என்பதுகூட இல்லை. ஊரில் இருக்கிற டெய்லர், ஒரு சினிமா டிக்கெட் காசில் ஆல்டர் பண்ணித் தருவார். விலை உயர்ந்த சட்டை அளவு தப்பினால் இரவல். சாதாரணச் சட்டை அளவாக இருந்தால் சொந்தம்.

இரண்டாவது, நிறம். லேசான நிறத்தில் பிளெயின் சட்டை. கோடு, கட்டம் வேண்டுமானால் தள்ளி நின்று பார்த்தால் தெரியாத அளவுக்கு மெலிசாக. பேன்ட் அழுத்தமான நிறம். நெஞ்சில் புலியோ, இங்கிலீஷ் வாசகமோ எழுதின எதையும் பாக்கி கேட்கப் போகும்போது போடக்கூடாது. நீங்கள் பேசுவதற்கு முன்னால் சட்டை பேசிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கிற துணியும் வேண்டாம். பட்டு வியாபாரத்தில் மினுங்கவேண்டியது சேலை. அதைக் கொண்டு வருகிறவர் இல்லை.

மூன்றாவது, இஸ்திரி. பி.காம். முடித்த புதுசில், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். முதல் முறை கம்பெனி ஆடிட்டுக்கு அனுப்பும்போது, அங்கே இருந்த சீனியர் சொன்னார். ‘நீ டெபிட், கிரெடிட்டை ஒழுங்காப் பார்ப்பியான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உன் சட்டை இஸ்திரியைத்தான் பார்ப்பாங்க. சொந்தச் சட்டையில நாலு சுருக்கத்தைப் பார்க்காதவன், அடுத்தவன் கணக்குல இருக்கிற சுருக்கத்தை எங்க பார்க்கப்போறான்?’ இத்தனை வருஷத்தில் டிரெஸ்ஸைப் பற்றி எனக்குக் கிடைத்த பாடங்களில், காசு செலவில்லாத பாடம் இதுதான்.

மற்றதெல்லாம் கழித்தல் கணக்கு. சட்டைப் பாக்கெட்டில் பிதுங்கும் பேப்பர், பெரிய பக்கிள் வைத்த பெல்ட், மூன்று கலரில் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழிக்கலாம். கோயில் கயிறு இருக்கட்டும், நைந்துபோனதை மட்டும் மாற்றலாம். தாடி முழுசாக வளர்கிறவர்கள் கழுத்தோரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். என் இளைஞரைப்போல வளராதவர்கள், மழுங்கச் சிரைத்து மீசையை மட்டும் வைத்தால் போதும். நேரம் பார்க்க செல்போனை எடுக்காமல், கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டலாம். செல்போனை எடுத்தால், ‘பையன் வாட்ஸ்அப் பார்க்கிறான்’ என்பார்கள். வாட்ச்சைப் பார்த்தால், ‘அவருக்கு வேற வேலை இருக்கு’ என்பார்கள்.

அந்த இளைஞரிடம் நான் கவனித்த முக்கியமான விஷயம் வேறு. சேலைகளை அவர் காலேஜுக்குக் கொண்டுபோன முதுகுப் பையில் வைத்து எடுத்துப்போகிறார். பெரிய கடைக்குள் நுழைந்து, முதுகிலிருந்து பையைக் கழற்றி, ஜிப்பைத் திறக்கிற அந்த ஒரு அசைவு போதும். டிபன் பாக்ஸ் எடுக்கப்போகிற பையன்தான் ஞாபகம் வரும்! உள்ளேயிருந்து வருவதோ ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய்ப் பட்டு. அவருடைய அப்பா எப்படிக் கொண்டு போவார் என்று கேட்டேன். ‘வெள்ளைத் துணியில மடிச்சு, சூட்கேஸ்ல வெச்சு, கடையில பாயில உட்கார்ந்து நிதானமாத் திறப்பார் சார்’ என்றார். அப்பாவிடமிருந்து எடுத்துப் போட்டிருக்கவேண்டியது சட்டையை இல்லை, சூட்கேஸை.

*

‘வேட்டி கட்டினா நல்லாருக்குமா சார்?’ என்று கேட்டார்.

கடைத்தெருவில் வேட்டிக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆனால், அதற்கும் இலக்கணம் இருக்கிறது. நாலு முழம் ஒற்றை வேட்டி, வீட்டுக்கும் ஊருக்குள்ளும். எட்டு முழம், மடித்து இரட்டையாகக் கட்டுவது வெளி வேலைக்கு. கரை மெலிசாக இருந்தால் வியாபாரி. பட்டையாகக் கலர் கலராக இருந்தால் கட்சிக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டி நடக்கப் பழக்கம் இல்லாவிட்டால், ஒட்டிக்கொள்கிற வேட்டி வாங்குவதில் ஒரு கேவலமும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது பத்து முறை இடுப்பைப் பிடித்துக்கொள்வதைவிட அது மேல். முக்கியமாக, மடித்துக் கட்டினதை எப்போது இறக்கிவிடுவது என்று தெரியணும். பெரியவர் எதிரில் வரும்போது வேட்டியை இறக்கிவிடுகிற இளைஞரைப் பார்த்தால், நம் ஊரில் யாரும் இரண்டாவது முறை வயசு கேட்கமாட்டார்கள்.

ஆனால், இடம் மாறினால் இதே வேட்டி என்ன பாடுபடும் என்பதற்கும் நம்மிடம் கதை இருக்கிறது. 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிப் போனார், அப்போது உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த அரிபரந்தாமன். டிரெஸ் கோடு என்று சொல்லி உள்ளே விட மறுத்துவிட்டார்கள். சட்டமன்றத்தில் விஷயம் வெடித்தது. அடுத்த மாசமே தனிச் சட்டம் வந்தது. வேட்டி கட்டினவரைத் தடுத்தால் கிளப்பின் லைசென்ஸ் போகும்; ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். யோசித்துப் பாருங்கள். ஆரணிக் கடைத்தெருவில் ஒரு இளைஞரைப் பெரிய மனுஷர் ஆக்குகிற நாலு கஜம் துணி, சென்னையில் ஒரு நிஜமான பெரிய மனுஷரை வாசலில் நிறுத்தியிருக்கிறது.

ஆகவே, ‘மெச்சூர்டான டிரெஸ்’ என்று தனியாக ஒன்று கடையில் விற்பதில்லை. நீங்கள் போகிற இடத்தில், எதிரில் இருப்பவர் யாரை ஆளாக மதிக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

‘ஆளாக மதிப்பது’ என்று சொல்லிவிட்டதால், இன்னொரு விஷயத்தையும் சொல்லியாகணும். 1930-ல் ராமநாதபுரம் சீமையில், ஆதிதிராவிட மக்கள் மேல் ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. கிராப் வெட்டக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி தன் புத்தகத்தில் இதைப் பதிவு பண்ணியிருக்கிறார். அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு ஆணைப் பெரிய மனுஷனாகக் காட்டுகிற அத்தனையும் அதில் இருக்கிறது. அறுபது வயசானாலும் அவர் ‘டேய்’ என்று கூப்பிடத் தக்கவராகவே தெரியணும் என்பதுதான் அதன் நோக்கம். அம்பேத்கர் கடைசி வரை கோட்டும் சூட்டுமாக ஏன் நின்றார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். டிரெஸ் வெளிவேஷம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதைப் போடும் உரிமைக்காக உதை வாங்கினவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு உதாரணம். 2012 மே மாசம், ஃபேஸ்புக் பங்குகளை வெளியிடுவதற்கு முன்னால் முதலீட்டாளர்களைப் பார்க்கப் போனார் மார்க் ஸக்கர்பெர்க். கோடீஸ்வரர்களின் கூட்டத்துக்குத் தொப்பி வைத்த பனியன் மாதிரியான ஒரு ஹூடியோடு வந்து நின்றார். ‘இது முதிர்ச்சி இல்லாததன் அடையாளம்’ என்று ஒரு பங்குச்சந்தை நிபுணர் வெளிப்படையாகவே குறை சொன்னார். முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். அதே ஸக்கர்பெர்க், பொருளாதாரம் படுத்திருந்த 2009-ல், ‘இது சீரியஸான வருஷம்’ என்று காட்டுவதற்காக வருஷம் பூராவும் டை கட்டி ஆபீஸ் போனவர். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கூப்பிட்டு விசாரித்தபோது கச்சிதமாகக் கோட்டு, சூட்டு, டை. ஜெயிக்கிற இடத்தில் ஹூடி. பதில் சொல்லவேண்டிய இடத்தில் சூட்.

நம் ஊரிலும் இதுதான் கதை. கடை முதலாளியின் மகன் கிழிந்த ஜீன்ஸ் போட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால், ‘சின்ன முதலாளி எவ்வளவு சிம்பிள்!’ என்போம். பின்னால் அப்பாவின் போர்டு தொங்குகிறது. போர்டு இல்லாதவர்தான் சட்டையில் சம்பாதிக்கணும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால், நியாயம் வந்து சேர்கிற வரைக்கும் சனிக்கிழமை காத்திருக்காது.

*

இத்தனையும் சொல்லிவிட்டு, அவரிடம் கடைசியாக ஒரு விஷயம் சொன்னேன்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர், 1973-ல் ‘சிக்னல்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேலைக்கு எடுக்கிறவருக்கு, எதிரில் இருப்பவரின் திறமை நேரடியாகத் தெரியாது. அதனால் படிப்பு மாதிரி ஏதோ ஒரு அடையாளத்தைப் பார்த்து முடிவு பண்ணுகிறார். எந்த அடையாளம் நம்பிக்கையானது? திறமை இல்லாதவருக்குப் போலி பண்ணக் கஷ்டமானது எதுவோ, அதுதான். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்காக 2001-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், சட்டை ரொம்பச் சாதாரணமான சிக்னல். ஏமாற்றுக்காரரும் நல்ல சட்டை போடலாம். சொல்லப்போனால் அவர்தான் ரொம்ப நல்லதாகப் போடுவார்! கடைத்தெருப் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அளவான சட்டையும் அப்பாவின் சூட்கேஸும் வாங்கித் தருவது, ஐந்து நிமிஷம். ‘அப்பா வரலையா’ என்று கேட்காமல், ‘உட்காருங்க, என்ன விஷயம்?’ என்று கேட்பார்களே, அந்த ஐந்து நிமிஷம். அதற்குள் எதை எடுத்து வைக்கிறோம் என்பதுதான் போலி பண்ண முடியாத சிக்னல். சொன்ன தேதியில் கொடுத்த பணம், கேட்ட தேதியில் கொண்டுபோன சேலை, தேதிவாரியாக எழுதின கணக்கு.

‘அப்பா நோட்டு இருக்கு சார். புரியலைன்னு மூடி வெச்சுட்டேன்’ என்றார். அன்றைக்குச் சாயந்திரம் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் பிரித்தோம். பி.காம். படிப்பு எனக்கு இத்தனை உபயோகமாக இருந்த நாள் வேறு ஞாபகமில்லை. கடை வாரியாக, தேதி வாரியாக, யார் எவ்வளவு தரணும், யாருக்கு எவ்வளவு தரணும் என்று நாலு பக்கத்தில் எழுதி முடித்தோம். அவருடைய அம்மா இரண்டு முறை டீ கொடுத்தார். ‘இந்தக் கடையில தீபாவளிக்கு முந்தி ஒரு தடவை கொடுத்தாங்களே’ என்று ஞாபகத்திலிருந்து அவர் எடுத்துச் சொன்ன மூன்று தொகைகளும் நோட்டில் இருந்தன.

சில மாசம் கழித்து போனில் பேசினார். ஒரு கடையில் பழைய பாக்கியில் பாதி வந்துவிட்டதாம். இன்னொரு கடையில் இழுத்தடிக்கிறார்களாம். நூல்கடையில், முழுக் கடன் இல்லை, பாதி ரொக்கம் பாதி கடன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். ‘தறி எத்தனை ஓடுது?’ என்று கேட்டேன். ‘ஒன்பது சார். ரெண்டு வீட்டுல வேற இடத்துக்கு நெய்யப் போயிட்டாங்க’ என்றார். முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால், ஒன்பது ஓடுகிறது.

டிரெஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். ‘இப்ப அதைப் பத்தி யோசிக்கறதே இல்லை சார். இஸ்திரி போட்டுப் போட்டுக்கிட்டுப் போறேன், அவ்வளவுதான்’ என்றார். நல்ல டிரெஸ்ஸின் லட்சணம் அதுதான் என்று நினைக்கிறேன். போட்ட பிறகு போட்டவருக்கும் ஞாபகம் வரக்கூடாது, பார்க்கிறவருக்கும் ஞாபகம் வரக்கூடாது. பேசவேண்டிய விஷயம் மட்டும்தான் நடுவில் நிற்கணும்.

இளைஞர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். கல்லாவுக்கு உள்ளே, மேஜைக்குப் பின்னால் இருக்கிற என் வயசுக்காரர்களுக்கும் ஒன்று சொல்லணும். நமக்கு இந்த நாற்காலி கிடைத்தபோது, நம்மை முதல் முதலாக ‘உட்காருங்க’ என்று சொன்னவர் ஒருவர் இருந்திருப்பார். அளவெடுத்துத் தைத்த சட்டையில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் முன்னால் ஒரு இளைஞர் வந்து நின்றால், அவர் அங்கே வருவதற்கு முன்னால் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் காட்டுங்கள். அவர் எந்த வருஷம் பிறந்தார் என்று மனசுக்குள் கணக்குப் போடவேண்டாம்.

அவர் கையில் இருக்கிற பில்லில் என்ன தேதி என்று மட்டும் பாருங்கள்.